பதின்ம வயதில் தத்துவம் படித்தால் என்ன ஆகும்? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தத்துவ நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துப் பேசும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பிள்ளைகள் கேட்பவற்றில் பாதிக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர்களுடைய அப்பா அம்மா கேட்பவற்றுக்காவது பதில் எழுதலாமே என்று உட்கார்ந்தேன். பிள்ளைகளே கேட்ட ஒன்றிரண்டும் நடுவில் வந்துவிட்டன.

முதலில், தத்துவம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி, ஏனென்றால் நம் பேச்சில் அந்தச் சொல் படாத பாடு படுகிறது. காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் பொன்மொழியும் தத்துவம்தான். தோற்றவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதும் தத்துவம்தான். "சும்மா தத்துவம் பேசாதே" என்பது ஏறக்குறைய வசவு.

நான் சொல்வது வேறு. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். அதற்கு அவர் தரும் காரணம் என்ன, அந்தக் காரணம் அவ்வளவு எடையைத் தாங்குமா, எதிர்த்துச் சொல்லக்கூடியதில் மிக வலுவானது எது, அதற்கும் பிறகு மிஞ்சுவது எது என்று பார்க்கிற பழக்கம். நீதி என்றால் என்ன, நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள்தானா, யாரும் பார்க்காதபோது செய்த தவறு தவறா என்பவை போன்ற, அளந்தோ சோதனைக்கூடத்திலோ முடித்துவிட முடியாத கேள்விகளில் அந்தப் பழக்கத்தைச் செலுத்துவது. பொன்மொழி யோசனையை முடித்துவைக்கும். தத்துவம் அந்தப் பொன்மொழியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இந்த வயதில் எதற்கு? வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்த பிறகு படித்தால் ஆகாதா?

உங்கள் பக்கம் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அறத்தைப் பற்றிய பாடம் கேட்க இளைஞன் ஏற்றவன் இல்லை, அவனுக்கு வாழ்க்கை அனுபவம் போதாது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பிளேட்டோ தம் இலட்சிய நாட்டில் வாதக் கலைக்கு 30 வயதுவரை கதவைத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி, எபிக்யூரஸ். இளையவர் தத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம், முதியவர் அதில் சலித்துப்போகவும் வேண்டாம் என்று தொடங்குகிறது அவருடைய கடிதம் ஒன்று.

தமிழில் இதைவிடச் சுவாரசியமான சாட்சி இருக்கிறது: மணிமேகலை. பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிய அவள் போகவேண்டியிருக்கிறது. அதற்கு முன்பே தெய்வம் எச்சரிக்கிறது: 'இளையள் வளையோள்' என்று உன்னைப் பார்த்து யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேற்றுருவம் எடுத்துக்கொள். சின்னப் பெண், வளையல் போட்டவள், இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்ற அதே பேச்சு! அவளும் தவசி வேடத்தில்தான் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கர் முன் போய் நிற்கிறாள்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பழைய வழக்கை அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் மறுபடி எடுத்தார். கல்லூரி மாணவர்களுக்குத் தர்க்கம் கற்பித்த அவர், இது இன்னும் சீக்கிரம் தொடங்கியிருக்க வேண்டியது என்று கண்டு, சிறுவர்களுக்கான தத்துவப் பாடங்களைக் கதைகளாக எழுதினார். 1974இல் அதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். பிரான்சில் பள்ளியிறுதி மாணவர்கள் 4 மணி நேரம் உட்கார்ந்து தத்துவத் தேர்வு எழுதுவதோ நெடுங்கால வழக்கம்.

என் கட்சி இதுதான். பாட்டி இறந்த அன்று இரவு 13 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படியும் வரும். நாம் அனுமதி கொடுத்து வருவதில்லை அது. தனியாக, போர்வைக்குள் அதோடு கிடப்பதா, ஏற்கெனவே அதோடு மல்லுக்கட்டிய நாலு பேர் துணையோடு யோசிப்பதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

என் மகன் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வாதாடுகிறான். இதைத்தான் கற்றுக்கொடுத்தீர்களா?

முதல் ஆறு மாதத்துக்கு, ஆமாம். மறைத்துப் பயனில்லை.

பிளேட்டோ 30 வயது என்று வரம்பு வைத்ததே இதனால்தான். வாதத்தை முதன்முதலாக ருசிக்கும் இளைஞர்கள், கிட்டே வருகிறவர்களை எல்லாம் நாய்க்குட்டிகள் போலப் பிடித்து இழுத்துக் கிழித்துப் பார்ப்பார்கள் என்கிறார் 'குடியரசு' நூலில். பல் முளைத்த குட்டி எதையாவது கடிக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் அருகில் கிடந்த செருப்பு நீங்கள்.

நீங்கள் அவனைத் திட்டும்போது அநேகமாக 'விதண்டாவாதம்' என்ற சொல் வந்திருக்கும். அது நியாய தரிசனம் என்ற இந்தியத் தர்க்க மரபின் கலைச்சொல். அந்த மரபில் விவாதம் மூன்று வகை. உண்மை எது என்று கண்டுபிடிக்க இருவர் சேர்ந்து பேசினால் வாதம். சொல்லைத் திரித்தாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசினால் சல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல், எதிரே இருப்பவர் சொல்வதை உடைப்பது மட்டுமே நோக்கம் என்றால் விதண்டை. பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் சொன்னதும் நடப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அடுத்த வாரமே ஒருவரையொருவர் பார்த்து "நீ பண்றது விதண்டை" என்று கத்திக்கொள்வார்கள். "இப்ப நான் பண்றதுதான் விதண்டையோ?" என்று ஒருவர் தானாக நிறுத்திக் கேட்க, என் அனுபவத்தில், ஓர் ஆண்டு ஆகும். சிலருக்கு அதற்கு மேலும். ஆனால் நான் காத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கேள்வி என்னும் கத்தி அதுவரை வெளியே நீட்டியபடியே இருக்கும். அன்றுதான் அதன் முனை தன் பக்கம் திரும்புகிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவன் உங்கள் வாதத்தை உடைத்ததும் கோபப்படாமல், "சரி, உன் நிலைப்பாடு என்ன? அதற்குக் காரணம் சொல்" என்று கேளுங்கள். மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். வித்தியாசம் அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காது. சில சமயம் அவன் சொல்வது சரி. கடோபநிஷதத்தில் நசிகேதன் என்ற சிறுவனின் தந்தை வேள்வி செய்து, தம்மிடம் இருப்பதை எல்லாம் தானம் கொடுக்கிறார். கொடுக்கிற பசுக்களோ இனிப் புல் மேயாத, பால் தராத கிழட்டுப் பசுக்கள். பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று ஒருமுறை, இருமுறை, மும்முறை கேட்கிறான். எரிச்சலில் தந்தை, "உன்னை யமனுக்குக் கொடுத்தேன்" என்கிறார். தொணதொணத்த பிள்ளையும் பொறுமை இழந்த தகப்பனும். எந்தக் கூடத்திலும் நடக்கக்கூடிய காட்சி. பிறகு யமன் மூன்று வரம் தருகிறான். மரணத்துக்குப் பின் என்ன என்ற பெரிய கேள்வி மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் வரம், "என் தந்தையின் கோபம் தணிய வேண்டும்." வாதாடுகிற பிள்ளைக்கு உங்கள் மேல் பாசம் இல்லை என்று முடிவுகட்டும் முன் இந்த வரிசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கோபத்தை என் மேல் காட்டுகிற பெற்றோரும் உண்டு. கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. இளைஞர்கள் தன்னைப் பார்த்துப் பிறரைக் கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்ல முடியாதவர்கள் தங்களை நொந்துகொள்ளாமல் தன்மேல் கோபப்படுகிறார்கள் என்று அவர் வழக்குமன்றத்தில் சொன்னதாக அவர் சீடர் பிளேட்டோ பதிவு செய்திருக்கிறார். எனக்கு இதுவரை யாரும் நஞ்சுக் கோப்பையை நீட்டவில்லை.

கடவுள் நம்பிக்கை போய்விடுமா?

போகலாம். இல்லாத பிள்ளைக்கு வரவும் செய்யலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது மூன்றாவது: நம்பிக்கை அப்படியே இருக்கும், "ஏன் நம்புகிறேன்" என்பது மாறியிருக்கும். கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களையும் இல்லை என்பதற்கான வாதங்களையும் ஒரே அக்கறையோடு படிக்கச் செய்வதுதான் இந்தப் படிப்பில் முறை. ஒரு பக்கத்தை மட்டும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால், அவர் எந்தப் பக்கமானாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் பத்துச் சமயத்தார்க்கு ஒருவர் பின் ஒருவராகக் காது கொடுக்கிறாள். பெரும்பாலும் குறுக்கே பேசுவதில்லை. கடைசியில் பூதவாதி, கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறவன், வரும்போதுதான் சிரித்தபடி ஒன்று கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? கேட்கப் பழகியவளின் கேள்வி அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

"வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை" என்கிறாள் என் மகள். பயமாக இருக்கிறது.

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தோழிகளோடு சிரிக்கிறாள், இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது கண்ணில் ஒரு பளிச்சும் இருக்கிறது என்றால், அவள் ஒரு யோசனையைப் போட்டுப் பார்க்கிறாள், புதுச் சட்டை போல. தூக்கம் கெட்டு, பிடித்தவற்றில் நாட்டம் போய், வாரக்கணக்கில் ஒதுங்கியிருக்கிறாள் என்றால் அது தத்துவக் கேள்வி இல்லை, உடம்பும் மனமும் கேட்கும் உதவி. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். வாழ்க்கை அபத்தம் என்று எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. புத்தகம் அந்த வலிக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் வகை என்றால் அவளோடு மேற்கொண்டு வாசியுங்கள். இந்த வயதில் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். காம்யு 1942இல் எழுதிய கட்டுரையில் வாழ்க்கை அபத்தமானது என்பது தொடக்கம்தான். அப்படியானால் வாழ்வது தகுமா என்று கேட்டு, தகும் என்றே அவர் முடிக்கிறார். கிரேக்கப் புராணத்தில் பாறையை மலைமேல் உருட்டி உருட்டிக் கொண்டுபோகும் சிசிபஸை மகிழ்ச்சியானவனாகத்தான் நினைக்க வேண்டும் என்கிறார். அந்த முடிவு சரிதானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அவரை மேற்கோள் காட்டிச் சோர்ந்துபோகிறவர்கள் கடைசிப் பக்கத்தையும் படித்திருக்க வேண்டும்.

இதைக் கடந்து வந்தவர்களின் கதையும் உதவும். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 3 வயதில் கிரேக்கமும் 12 வயதில் தர்க்கமும் படிக்க வைக்கப்பட்டவர். 20 வயதில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: உலகில் நீ விரும்பும் சீர்திருத்தம் எல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் உனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளிருந்து வந்த பதில், இல்லை. மாதக்கணக்கில் இருண்டு கிடந்தார். அவரை மீட்டது இன்னொரு வாதம் இல்லை. ஒருவரின் நினைவுக் குறிப்புகளை வாசித்து வந்த கண்ணீரும், பிறகு கவிதையும். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் இன்னும் எளிமையாகச் சொன்னார். எதையும் நிச்சயமாக அறிய முடியாது என்ற தன் வாதங்கள் தன்னையே இருட்டில் தள்ளியபோது, நண்பர்களோடு சாப்பிட்டு, விளையாடி, பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பிவந்தால் அந்தச் சந்தேகங்கள் கேலிக்குரியவையாகத் தெரிந்தன என்று 1739இல் வெளியான தம் முதல் நூலிலேயே எழுதிவைத்தார். மகளை வெளியே விளையாட அனுப்புவதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எனக்கு 16 வயது. நான் இதையெல்லாம் பேசினால் நண்பர்கள் "ஆரம்பிச்சிட்டாண்டா" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். நீ பேசுகிறாயா, பாடம் நடத்துகிறாயா? கிரேக்கப் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லாமல் அதே கேள்வியைக் கேட்டுப் பார். "உன்னை ஒரு மெஷினில் படுக்க வைத்து, வாழ்நாள் முழுக்கப் பிடித்த அனுபவம் மட்டும் கொடுத்தால் போவியா? உள்ளே இருக்கும்போது அது நிஜம் இல்லைன்னு தெரியாது." இது அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974இல் கேட்டது. பெயரைச் சொல்லாமல் கேட்டால் கிண்டல் செய்தவனே நள்ளிரவு வரை சண்டை போடுவான்.

"எல்லாம் அவரவர் பார்வை, சரி தவறு என்று எதுவும் இல்லை" என்கிறான். இதுதான் படித்து வந்த ஞானமா?

இது படித்து வந்ததில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இதோடுதான் வருகிறார்கள், படிக்கப் படிக்கத்தான் இது ஆட்டம் காண்கிறது. 14, 15 வயதில் இந்த வாக்கியம் ஒரு கேடயம். பெரியவர்களின் கட்டளைக்கும் பதில், யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணமும்கூட.

ஆனால் அதே பிள்ளையிடம், "உன் விடைத்தாளைப் படிக்காமலே ஆசிரியர் பூஜ்யம் போட்டார், கேட்டால் 'அது என் பார்வை' என்கிறார். சரியா?" என்று கேளுங்கள். ஒரு நொடியில் நியாயம் பிறந்துவிடும். சரி தவறு இல்லை என்றவன் எங்கிருந்து இவ்வளவு கோபம் கொண்டுவந்தான்?

இங்கேதான் கைஜிஸின் மோதிரத்தை எடுப்பேன். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் சாக்ரடீஸோடு பேசும் கிளாக்கன் சொல்லும் கதை. மோதிரத்தின் குமிழைத் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அப்படிப்பட்ட மோதிரம் கிடைத்த இடையன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தால் யார்தான் நல்லவனாக இருப்பான் என்பது கிளாக்கனின் கேள்வி. இந்தத் தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. பெயரும் முகமும் இல்லாத இணையக் கணக்கு ஒன்றாவது வைத்திருக்கிறார்கள், அதில் என்ன எழுதினோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கதை முடிந்ததும் அறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். நான் எதுவும் சொல்வதில்லை.

ஸ்டோயிக் வீடியோக்களாகப் பார்க்கிறான். அதுவும் தத்துவம்தானே?

வாசல்தான். வாசலிலேயே குடியிருக்கக் கூடாது.

நம் கட்டுப்பாட்டில் இருப்பவை சில, இல்லாதவை சில என்று பிரிப்பது, ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவப் பள்ளியைச் சேர்ந்த எபிக்டெட்டஸின் அடிப்படைப் பாடம். அடிமையாக இருந்தவர் அவர். தேர்வுப் பயத்தில் தவிக்கும் பிள்ளைக்கு அந்தப் பிரிவினை நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் 30 நொடி வீடியோவில் அது "மற்றவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன" என்று சுருங்கி, தங்கையை அழவைத்துவிட்டு "அவள் உணர்ச்சி என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று சொல்லும் அளவுக்குப் போகிறது. அதே பள்ளியின் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள் என்று தம் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதியதை அந்த வீடியோக்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

எபிக்டெட்டஸே இவர்களுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். ஆடுகள் எவ்வளவு தின்றோம் என்று காட்டப் புல்லைக் கொண்டுவந்து மேய்ப்பன் முன் போடுவதில்லை. தின்றதைச் செரித்துப் பாலும் கம்பளியும் தருகின்றன.

மதிப்பெண் கூடுமா? பிறகு வேலை?

இங்கிலாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பிறகு இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது வாசிப்பில் அந்தப் பலன் தெரியவில்லை. எனவே மதிப்பெண்ணுக்காகச் சேர்க்காதீர்கள். வேலையைப் பற்றி: பதின்ம வயதில் படிப்பதால் யாரும் தத்துவப் பேராசிரியர் ஆகிவிடப் போவதில்லை. கால்பந்து ஆடும் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு கவலையோடு கேட்பதில்லை.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் எப்படிப் பேசுவது?

தெரியாதது நல்லது. தெரிந்த பெற்றோர் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு பழக்கம் போதும். பிள்ளை சொல்வதை மறுக்கும் முன், "நீ சொல்வது இதுதானே?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "ஆமா, அதான்" என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. நம் தத்துவ நூல்களில் இதற்குப் பெயரே உண்டு: பூர்வபட்சம். எதிர்த்தரப்பை முதலில் முழுமையாக எடுத்துவைத்துவிட்டுத்தான் தம் முடிவைச் சொல்வார்கள். வீட்டில் செய்வது கடினம், எனக்கும் பாதி நாள் தவறிவிடும். அப்புறம், உங்களுக்கே விடை தெரியாத கேள்விகளைப் பற்றி அவர்கள் முன்னால் யோசியுங்கள். வயதான தாயைப் பார்த்துக்கொள்வதா, வெகுநாள் காத்திருந்த வேலையை ஏற்பதா என்று நீங்கள் இரண்டு பக்கமும் எடைபோடுவதைக் கேட்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் கிடைக்காததைக் கற்றுக்கொள்கிறது.

எந்த நூலில் தொடங்கலாம்?

பிளேட்டோ எழுதிவைத்த சாக்ரடீஸின் வழக்குமன்றப் பேச்சு. சிறியது, கதை போல ஓடும், நல்லவர் தோற்பார். தத்துவ வரலாற்று நூல்களில் தொடங்க வேண்டாம். யார் யாருக்குப் பின் வந்தார் என்ற பட்டியல் 15 வயதில் எந்த ஆர்வத்தையும் கொன்றுவிடும்.

ஆர்வமாக ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள். வீண்தானா?

பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். தேர்வு வரும், புதுச் சிநேகம் வரும், கிதார் வரும். நான் யாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

சென்ற மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன பெண். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "அன்னிக்கு அந்த மோதிரக் கதையில நான் சொன்னது தப்புன்னு இப்ப தோணுது. ஆனா நீங்க சொன்னதும் சரியில்ல" என்று மட்டும் இருந்தது. அன்று நான் எதுவும் சொல்லவில்லை என்றுதான் என் நினைவு. ஏதோ சொல்லியிருக்கிறேன் போல. என்னவென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதில் போடவில்லை.